ஒரு கேபிள் குறைகிறது

"இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்காரா, இல்லையா? அது தெரிஞ்சா போதும், நம்ம வேலை முடிஞ்சுது" என்றார் மேடம்.

"கதவைத் தட்டி, 'சார் இருக்கீங்களா'ன்னு கேட்டா தெரிஞ்சிடப் போகுது. இதுக்குப் போய் துப்பறியணுமா?" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாச்சு. வேலை குடுத்த அச்சகத்துக்காரர் கேட்டாச்சு. எல்லாருக்கும் 'இருக்கார்'ங்கற பதில்தான் வந்திருக்கு. ஒருத்தர்கூட ஆளைப் பார்க்கல."

தெரு முனையில், பூட்டிய கடை ஒன்றின் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மேடம் முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, எரியாத கடைக்கு எரிந்ததாகப் பணம் கேட்கிறவர்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம். அதில் வேலை பார்ப்பது நான் ஒருவன்தான். எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மேடம் என்னைச் 'சில்லறை' என்றுதான் கூப்பிடுவார். முழுசாக ஒரு விஷயமும் பேசாமல் சில்லறை சில்லறையாக வாயடிக்கிறேனாம்.

எங்களை அனுப்பியது வெளியூரில் இருக்கும் ஒரு அக்கா. அவருடைய தம்பி பாடப்புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துத் தருகிறவர், வீட்டிலேயே வேலை. நான்கு மாதங்களாக அவருடைய கைபேசி அணைந்தே கிடக்கிறது. வீட்டு போனுக்கு அடித்தால் தம்பியின் மனைவி எடுக்கிறாள். வேலையாக இருக்கிறார், குளிக்கிறார், தூங்குகிறார் என்று தினம் ஒரு காரணம். அப்பாவிடம் கேட்டால் அவர், "பக்கத்து ரூம்தான். சத்தம் கேட்குதே" என்கிறார். அப்பாவுக்குப் பார்வை போய் ரொம்ப நாளாகிறது.

"என் தம்பியை அவ என்ன பண்ணினாளோ தெரியல" என்று அந்த அக்கா போனில் அழுதார். அழுது முடித்ததும் குரல் இறுகிவிட்டது. "அவன் அங்க இல்லன்னு மட்டும் தெரியட்டும். மறுநாளே வந்து அப்பாவை ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துட்டு, வீட்டைப் பூட்டிடுவேன். அவகிட்ட அப்பாவை ஒரு நிமிஷம் விட்டு வைக்க மாட்டேன்."

உள்ளே நுழைய மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று தம்பி முன்பே அக்காவிடம் சொல்லியிருந்தார். அதனால் அக்கா பரிசாக ஒரு புது ஹார்டு டிஸ்க் அனுப்புகிறார். அதைப் பொருத்திக் கொடுக்கக் கடையிலிருந்து ஆள் வருகிறது. அந்த ஆள் நான். ஹார்டுவேர் கோர்ஸைப் பாதியில் விட்டவன் என்று என்னைச் சொல்லிக்காட்டாத சொந்தக்காரர் கிடையாது. அந்தப் பாதிக்கு அன்றுதான் ஒரு மரியாதை வந்தது.

"நீ டிஸ்க்கைப் பாரு. நான் மனுஷங்களைப் பார்க்கிறேன்" என்றார் மேடம்.

"மனுஷங்களைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் வேணுமா?"

"நீ வாயை மூடினாலே போதும்."

கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். தலையை ஒழுங்காகப் பின்னி, முகம் கழுவி, யாரோ வரப்போகிறார்கள் என்று தயாராக இருப்பவளைப் போல இருந்தாள். கண்கள் மட்டும் தயாராக இல்லை.

"அவர் வெளிய போயிருக்கார்" என்றாள். எங்களுக்கு மட்டும் கேட்கும் குரல்.

உள்ளேயிருந்து ஒரு வயதான குரல், "யாரும்மா?" என்றது.

"கம்ப்யூட்டருக்கு டிஸ்க் போட வந்திருக்காங்க மாமா!" இந்தத் தடவை குரல் தெருவுக்கே கேட்டது.

வெளியே போயிருக்கும் கணவரைப் பற்றி மாமாவிடம் ஒரு வார்த்தை இல்லை. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது அந்தச் சத்தம்தான். கடக். கொஞ்சம் இடைவெளி. கடக் கடக். ஒரு ரீங்காரம். மறுபடி கடக். வீடு பளிச்சென்று இருந்தது. தொட்டால் கலைந்துவிடும் என்பது போன்ற பளிச். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகள் இரண்டு, டம்ளர் இரண்டு. எனக்கு என் அறை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு தட்டு, ஒரு டம்ளர். இதைவிட ஒன்று கம்மி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கணவருடைய அறையைத் திறந்து விட்டாள். மேசைமேல் திரை இருந்தது, விசைப்பலகைக்கு ஒரு துணி போர்த்தியிருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் மூடி, அதற்குள் நான்கு சின்னத் திருகாணிகள். கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் மேசையடியில் இல்லை. அறையின் எதிர்ப்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது, ஒயர்களெல்லாம் விறைப்பாக இழுபட்டுக் கிடந்தன.

"காத்து போற பக்கத்தைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க மேடம். பெட்டி சூடாயிடும். கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் எவனும் இப்படி வைக்க மாட்டான்" என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு அவளிடம், "அக்கா, இதை நிறுத்திட்டுத்தான் டிஸ்க் போடணும்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "நிறுத்தணுமா? எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்தான்."

"மாமா தூங்கட்டுமே. தூங்கினப்புறம் நிறுத்திக்கலாம். அதுவரைக்கும் டீ போடறேன்." பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"ஒரு மிஷினை நிறுத்தறதுக்கு இவ்வளவு பயமா?" என்றார் மேடம். "ஓடும்போதே மூடியைத் திறக்கலாமா?"

"திறக்கலாம். கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்க டிபன் பாக்ஸ் மாதிரி."

பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தேன். ஹார்டு டிஸ்க் வைக்கும் கூட்டில் ஒரு டிஸ்க் முறைப்படி திருகப்பட்டு இருந்தது. இன்னொன்று பெட்டியின் தரையில், ஒரு எவர்சில்வர் டப்பா மூடியின்மேல் மல்லாக்கக் கிடந்தது. பழைய டிஸ்க், ஓரமெல்லாம் கீறல். கடக் கடக் என்று அடித்துக்கொண்டது அதுதான். மூடி அந்தச் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காக்கிக்கொண்டிருந்தது.

"மேடம், நமக்கு முன்னாடியே யாரோ ரெண்டாவது டிஸ்க் போட்டுட்டாங்க."

"ஒளிச்சு வெச்சிருக்காங்க. அப்ப விஷயம் அதுக்குள்ளதான் இருக்கணும்."

"அங்கதான் இடிக்குது. ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு கேபிள் வேணும். ஒண்ணு கரண்ட்டுக்கு, இன்னொண்ணு தகவல் போக வர. ஒண்ணு சோறு, ஒண்ணு பேச்சு. இதுக்குக் கரண்ட் மட்டும்தான் குடுத்திருக்காங்க. சோத்தைப் போட்டு வாயைக் கட்டி வெச்சிருக்காங்க."

"அவசரத்துல மறந்திருப்பாங்களோ?"

"தகவல் கேபிள் இதோ பக்கத்துலயே தொங்குது பாருங்க. முனையில தூசி இல்ல. சொருகிப் பார்த்துட்டு, வேணும்னே கழட்டியிருக்காங்க. இந்த நிலைமையில இதுல ஒரு எழுத்துகூட எழுத முடியாது, படிக்கவும் முடியாது."

"அப்ப இது என்னதான் வேலை செய்யுது?"

"ஒரு வேலையும் செய்யல. அடிபட்ட டிஸ்க். சுத்துது, சத்தம் போடுது. அவ்வளவுதான்."

மேடம் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றார். இன்ஷூரன்ஸ் நாட்களில் எரிந்த சுவரைத் தொட்டே எந்தப் பக்கம் முதலில் தீப்பிடித்தது என்று சொல்வாராம். இந்தச் சுவர் குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் அவர் முகம் மாறிவிட்டது.

"'அவ்வளவுதான்' இல்ல, சில்லறை. அதுதான் அதோட வேலை. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பெரியவருடைய அறை. சுவரை ஒட்டிக் கட்டில், கட்டிலில் பெரியவர். காது சுவர்ப்பக்கம் இருந்தது.

ஒரு பார்வையில்லாத மனிதருக்கு ஒரு மகன் இருப்பது போன்ற சத்தத்தை இரவும் பகலும் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் நிஜ மகன் எங்கே? அக்கா அழுதது ஞாபகம் வந்து, மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

நாற்காலி 'கிறீச்' என்று கத்தியது. பழைய சுழல் நாற்காலி, எண்ணெய் பார்த்தே வருஷமாகியிருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் அசைந்தது. எதுவோ உருண்டு விழுந்தது.

"வந்துட்டியா?" என்றது பெரியவரின் குரல்.

பயத்தில் எழுந்தேன். நாற்காலி மறுபடி கத்தியது.

"டேய்... வந்துட்டியாப்பா?"

சமையலறையிலிருந்து அவள் ஓடும் காலடி கேட்டது. "இல்ல மாமா, ரிப்பேர் பண்ண வந்தவர்தான் உட்கார்ந்தார். நீங்க படுத்துக்கோங்க."

"ஓ" என்றார் பெரியவர்.

அந்த ஒற்றை எழுத்தை நான் மறக்கவே போவதில்லை. கதவு திறக்குமா என்று பார்த்துப் பார்த்துக் களைத்த எல்லாரும் அப்படித்தான் 'ஓ' என்று சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அவள் இந்த அறைக்கு வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. மேடம் கதவைச் சாத்தினார். "ம்மா, நாங்க கடையிலேர்ந்து வரல. உங்க நாத்தனார் அனுப்பின ஆளுங்க. உங்க வீட்டுக்காரர் எங்கே?"

அவள் மறுக்கவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், யாராவது கேட்டுத் தொலைக்கட்டும் என்று காத்திருந்தவளைப் போல.

"தெரியாது மேடம். டிஸ்க் ரொம்பிடுச்சு, இன்னொண்ணு போடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஒரு நாள் காலையில பெட்டியைத் திறந்து, புது டிஸ்க்குக்கான திருகாணியெல்லாம் எடுத்து அந்த பாட்டில் மூடியில போட்டுட்டு, 'கடைக்குப் போய் ஒரு டிஸ்க் வாங்கிட்டு வந்துடறேன்'னார். அவ்வளவுதான். போனவர் போனவர்தான்."

"போன் வந்துச்சா?"

"ஒரே ஒரு தடவை. 'நல்லா இருக்கேன். என்னால முடியல. எதிர்பார்க்காதே'ன்னார். என்ன முடியலன்னு கேட்கறதுக்குள்ள வெச்சுட்டார். சண்டைகூட இல்ல மேடம். சண்டை போட்டுட்டுப் போயிருந்தா, அதையாவது நெனச்சுக்கிட்டு இருக்கலாம்."

"அப்புறம்?"

"அவர் போன அன்னைக்கு சாயங்காலமே மாமா கேட்டார், ஏம்மா சத்தமே இல்லைன்னு. கம்ப்யூட்டரைப் போட்டு வெச்சேன். கொஞ்ச நேரத்துல அதுவே அமைதியாயிடுது. பழைய டிஸ்க் ஒண்ணு டிராயர்ல கிடந்தது. அவர் வேலை செய்யும்போது கடக் கடக்னு அடிச்சுக்குமே, அது. ரெண்டு கேபிளையும் சொருகினா கம்ப்யூட்டர் பாதியிலயே நின்னு போச்சு. ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். ஓடிச்சு. மாமா அன்னைக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டார்."

"உங்க நாத்தனார்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மாமாவை இல்லத்துல விட்டுடுவாங்க. இந்த வீட்ல கை தடவியே எல்லாம் கண்டுபிடிப்பார். வேற இடத்துல அவருக்குச் சுவரே தெரியாது." பிறகு, "அவரும் போயிட்டா நான் யாரோட பேசறது?" என்றாள்.

கடக் கடக் என்று டிஸ்க் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். என் பையில் ஒரு சில்லறையும் இல்லை.

மேடம் என் பக்கம் திரும்பினார். "சில்லறை, நிறுத்து."

"மேடம்!" என்று பதறினாள் அவள். "மாமா உடனே கேட்பார். நான் என்ன சொல்லுவேன்?"

"கேட்க மாட்டார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவன் நாற்காலியில உட்கார்ந்ததும் அவர் என்ன கேட்டார்? 'வந்துட்டியா'ன்னு. ராத்திரி பகலா பக்கத்து ரூம்லயே உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளையை எந்த அப்பாவாவது 'வந்துட்டியா'ன்னு கேட்பாரா?"

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

டிஸ்க் இறங்கும் சத்தம் ஒன்று உண்டு, பெருமூச்சு மாதிரி. அதுவும் அடங்கியது. நான்கு மாதமாக அந்த வீட்டில் எவ்வளவு அமைதி மூடி மறைக்கப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் யாரோ சைக்கிள் தள்ளிக்கொண்டு போவது கேட்டது. பெரியவரின் அறையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் உடம்பு முழுக்கக் காதாகி நின்றாள்.

"ஏம்மா" என்றார் பெரியவர் கடைசியில்.

"மாமா?"

"நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கட்டும். நாலு மாசமா மண்டை வலி உயிர் போகுது."

அவள் ஓடினாள். நாங்கள் வாசலோரம் நின்றுகொண்டோம். பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், சவரம் செய்த முகம். அவருக்குச் சவரம் செய்துவிடுவதும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அவன் உட்கார்ந்தா நாற்காலி கத்தும். எழுந்தா கத்தும். தும்மினாகூடக் கத்தும். ஆள் இல்லாம டிஸ்க் மட்டும் தனியா உழைக்குமா? மொத வாரமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

பெரியவர் போர்வை நுனியைத் தேடிப் பிடித்து மடித்தார், பிரித்தார். "என்னை ஏமாத்தறதுக்காகத்தானே நீ இங்க இருக்கே. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, நீ இங்க இருக்கிறதுக்கு என்னம்மா காரணம் மிச்சம்? போ, உனக்கும் வயசு இருக்குன்னு சொல்லியிருக்கணும். தினமும் சொல்லணும்னுதான் நெனைப்பேன். நீ தட்டை எடுத்துக்கிட்டு வருவே. வாய் வராது."

"பொண்ணுகிட்ட மட்டும் பையன் பக்கத்து ரூம்ல இருக்கான்னு பொய் சொன்னீங்களே ஐயா" என்றேன். வாயை அடக்க முடியவில்லை.

"சத்தம் கேட்குதுன்னுதான் தம்பி சொன்னேன். கேட்டுச்சே."

அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "எனக்கும்தான் மாமா. எனக்கும் அந்தச் சத்தத்துல தலை வலிக்குது. உங்களுக்காகத்தானேன்னு பொறுத்துக்கிட்டேன்."

"நான் உனக்காகன்னு பொறுத்துக்கிட்டேன்" என்றார் பெரியவர். இருவருக்கும் பிடிக்காத ஒரு சத்தத்தை இருவரும் ஒருவருக்காக ஒருவர் நான்கு மாதம் காப்பாற்றியிருக்கிறார்கள். "போயிடுவியாம்மா?"

"எங்க போறது? 'ஏம்மா'ன்னு கூப்பிட எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

மேடம் என் தோளைத் தட்டி அறைக்குத் திருப்பினார். "வந்த வேலையைப் பாரு. டிஸ்க்கைப் போடு."

"இனிமே எதுக்கு மேடம்?"

"போடறேன்னு சொல்லிட்டுத்தானே உள்ள வந்தோம்."

பழையதையும் டப்பா மூடியையும் வெளியே எடுத்தேன். புது டிஸ்க்கைக் கூட்டில் தள்ளி, பாட்டில் மூடியில் காத்திருந்த அந்த நான்கு திருகாணிகளாலேயே முடுக்கினேன். தகவல் கேபிள், கரண்ட் கேபிள், இரண்டையும் சொருகினேன். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி மேசைக்கு அடியில் வைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் புது டிஸ்க்கின் பெயர் தெரிந்தது. முழுக்கக் காலி. சத்தமே இல்லை.

அவள் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "டிஸ்க் வந்துடுச்சு" என்றாள். "அவர்தான் வரல."

அவள் மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது கத்தியது. அடுத்த அறையிலிருந்து, "எண்ணெய் போடாதே, அப்படியே இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

பழைய டிஸ்க்கை எடுத்துப் போய்விடச் சொன்னாள். பையில் போட்டுக்கொண்டேன்.

தெரு முனைக்கு வந்ததும் மேடம் அந்த அக்காவுக்கு போன் போட்டார். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"இருக்கானா, இல்லையா?" ஹலோகூட இல்லை.

"இல்ல. உங்க தம்பி நாலு மாசமா அந்த வீட்ல இல்ல. அவர் மனைவி எதுவும் பண்ணல, அவராவேதான் போயிருக்கார். ஒரு தடவை போன் பண்ணிப் பேசியிருக்கார். எங்கேன்னு தேடணும்னா தேடலாம்."

"அவ பொய்தான் சொல்லிட்டிருந்தான்னு எனக்குத் தெரியும்! நாளைக்கே வர்றேன். அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துட்டு வீட்டைப் பூட்டறேன்."

"பூட்ட முடியாதும்மா. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க."

பிறகு மேடம் நடந்ததைச் சொன்னார். கேபிளை, டப்பா மூடியை, நாற்காலியை, மண்டை வலியை. குறுக்கே பேச்சு வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் டிவி ஓடவில்லை, பாத்திரம் உருளவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்த வீட்டிலும் ஒரே ஒரு டம்ளர்தான் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா..." என்றார் அந்த அக்கா. இறுகிய குரல் எங்கேயோ போய்விட்டது. "அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

பெரியவர் கேட்கவில்லை. மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியா மூழ்கிவிடும் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். மேடம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

"இப்ப அந்த வீட்ல எந்தச் சத்தமும் இல்லம்மா" என்றார். "போன் அடிச்சா நல்லாக் கேட்கும். அடிச்சுப் பாருங்க."